மனசு சோர்ந்து போன நேரத்துக்கு ஒரு ஆடியோ பைபிள் ஆப்: என் ரிவ்யூ

ஆப் பேர் வேணாம், குறையும் சொல்லப் போறேன். ஜெபம் பண்ணாலே சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருந்த டைம்ல இந்த ஆப்பை போட்டேன், உள்ள சோர்வுக்குன்னே 30 நாள் பிளான் ஒண்ணு இருக்கு, சும்மா உற்சாக வசனமா பொறுக்கி வெச்சிருப்பாங்கன்னுதான் நெனச்சேன். முதல் நாளே பைபிள்ல 1 இராஜாக்கள் புஸ்தகம், 19ஆம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்துகிட்டு போதும் ஆண்டவரே சாகுறேன்னு கேக்குறாரு, தேவதூதன் வந்து திட்டல, அட்வைஸும் பண்ணல, சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து தூங்க விட்டு மறுபடி எழுப்பி சாப்பிடச் சொல்றான், அப்புறம்தான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. வாசிக்கிறவரு அந்த "போதும்"ல குரலை எறக்கிட்டு ஒரு செகண்ட் நிறுத்துறாரு பாருங்க, ராத்திரி இயர்போன்ல அதையே மூணு தடவை ரீவைண்ட் பண்ணேன்.

88ஆம் சங்கீதத்தையும் சேத்திருக்காங்க, அது கடைசி வரைக்கும் இருட்டுலதான் முடியும், அதை தைரியமா அப்படியே விட்டது பிடிச்சிருந்துச்சு. பேக்ரவுண்ட் மியூசிக் கொஞ்சம் ஓவர், ஆனா ஆஃப் பண்ணிக்கலாம்.

கடுப்பு ஒண்ணுதான், ஒரு நாள் விட்டா தொடர்ச்சியா கேட்ட நாள் கவுண்ட் பூஜ்யத்துக்கு போயிடுது, கூடவே "நேற்று நீங்கள் வரவில்லை"ன்னு நோட்டிஃபிகேஷன். ஏற்கனவே குற்ற உணர்ச்சில இருக்கறவன்கிட்ட இது தேவையா? 17வது நாள்ல அறுந்துச்சு, நோட்டிஃபிகேஷனை அணைச்சுட்டு கேட்டுட்டு இருக்கேன், இப்போ பிளான்ல 22வது நாள். நாலு ஸ்டார்.