ஆர்.ஓ.வா, யு.எஃப்.பா: எந்தத் தண்ணீருக்கு எந்தச் சவ்வு?

வீட்டுக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வாங்கும்போது கடைக்காரர் எதைப் பரிந்துரைத்தாலும், முதலில் உங்கள் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையிலான டி.டி.எஸ். அளவை, அதாவது நீரில் கரைந்துள்ள உப்பு, தாதுக்களின் மொத்த அளவை, ஏற்கிறது. ஃப்ளோரைடு போன்ற வேறு கோளாறு இல்லாமல் அதற்குள் இருக்கும் நீருக்கு, கிருமிகளை வடிகட்டும் யு.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) சவ்வு போதும். கரைந்த உப்பையும் பிரிக்கும் ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) சவ்வு வீண்செலவு என்பேன்.

யு.எஃப். கார்ட்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே சேமியாக் கட்டு போல வெண்ணிற இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள மெல்லிய குழாய். அதன் சுவரில் உள்ள நுண்துளைகள் சுமார் 0.01 மைக்ரான். பாக்டீரியா நுழைய முடியாது. மாடித் தொட்டியின் அழுத்தமே போதும். மின்சாரம் வேண்டாம், கழிவுநீரும் மிகக் குறைவு.

ஆனால் கரைந்த உப்பை அது தடுக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு இருந்தால் யு.எஃப். கைகொடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. அங்கே ஆர்.ஓ.தான் சரி. டி.டி.எஸ். குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

ஆர்.ஓ.வுக்குப் பம்பு வேண்டும். வீட்டுக் கருவிகள் பலவும் தரும் நீரைவிட அதிகமாக வெளியே தள்ளுகின்றன. குளோரின் பட்டால் அதன் சவ்வு கெடும். அதனால் முன்னால் இருந்து குளோரினை நீக்கும் கார்பன் கார்ட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றுங்கள். அங்கே மிச்சம் பிடித்தால் விலையுயர்ந்த சவ்வே பாழாகும். கழிவுநீரைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்திருந்தால் செடிக்கு ஊற்ற வேண்டாம்.