99.9 சதவீதம் என்று சொல்லி விற்கும் மருத்துவமனை மென்பொருள்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

சிறிய, நடுத்தர மருத்துவமனைகளில் நிர்வாகம் பார்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டும். கிளவுடில், அதாவது நம் கட்டடத்தில் இல்லாமல் வெளியே உள்ள சர்வர்களில் இணையம் வழியே இயங்கும் மருத்துவமனை மென்பொருள் ஒன்றை விற்ற நிறுவனம் எங்களை ஏமாற்றிவிட்டது. விவகாரம் வழக்கறிஞரிடம் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறையை வேறு யாரும் உங்களிடம் கையாளலாம்.

எங்களுடையது மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள ஐம்பது படுக்கை மருத்துவமனை. இனி சர்வர் வாங்க வேண்டாம், பேக்கப் கவலை வேண்டாம், ஆண்டுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். 99.9 சதவீத நேரமும் சேவை கிடைக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தந்தார்கள். கணக்குப் போட்டால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம்தான் தடங்கல் வரலாம். யாராக இருந்தாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய அளவுதான்.

நடந்தது வேறு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் ஓ.பி. கவுண்டரில் நோயாளியின் பதிவு எண்ணைத் தட்டினால், வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்து பொத்தானை மறுபடி அழுத்தினால் ஒரே ஆளுக்கு இரண்டு பில் விழும். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு நாள் உள்நோயாளி ஒருவரின் பொட்டாசியம் அளவு ஆபத்தான நிலையில் இருப்பதாக லேபில் தெரிந்தது. பதிவேற்றிய முடிவு டாக்டரின் திரைக்கு வந்து சேரவே இல்லை. லேப் டெக்னீஷியன் அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மாடி ஏறி ஓடினார். அவருடைய பொறுப்புணர்வால் அந்த நோயாளி பிழைத்தார். அன்று முதல் வார்டு சிஸ்டர்கள் மருந்து விவரங்களைத் தனியே நோட்டிலும் எழுதத் தொடங்கினார்கள்.

புகார் செய்தால், "உங்கள் இன்டர்நெட்தான் பிரச்னை சார்" என்று ஒரே பதில். வேறு நிறுவனத்திடம் இரண்டாவது ஃபைபர் இணைப்பு வாங்கினோம். மற்ற இணையதளங்கள் எல்லாம் நொடியில் திறந்தன, இது மட்டும் திறக்கவில்லை. மாதக் கடைசியில் அறிக்கை வந்தது: சேவை 99.97 சதவீதம்.

அந்த எண் எப்படி வந்தது என்று எழுத்தில் கேட்டு விடாமல் துரத்தியபோதுதான் உண்மை வெளிவந்தது. அவர்களுடைய சர்வர்கள் இருக்கும் அதே தரவு மையத்துக்குள் உள்ள ஒரு கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை லாகின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. திறந்தால் சேவை இருப்பதாகக் கணக்கு. நோயாளியின் பதிவைத் தேடுகிறதா, பில் போடுகிறதா, லேப் முடிவைக் காட்டுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. பல மருத்துவமனைகளை ஒரே தரவுத்தளத்தில் நெருக்கி வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஓ.பி. கூட்டம் ஒரே நேரத்தில்தான் வரும், அப்போது தரவுத்தளம் திணறும். லாகின் பக்கத்துக்கு அந்தச் சுமை கிடையாது. போதாக்குறைக்கு, 'திட்டமிட்ட பராமரிப்பு' நேரம் கணக்கில் சேராது என்று ஒரு விதி. அந்தப் பராமரிப்பு அறிவிப்புகள் சில, தடங்கல் முடிந்த பிறகே மின்னஞ்சலில் வந்தன.

வேகம் பற்றிக் கேட்டதற்குச் சராசரியைக் காட்டினார்கள். சராசரியை நம்பவே நம்பாதீர்கள். ஒரு பக்கம் 100 முறை திறக்கப்படுகிறது; 90 முறை ஒரு வினாடி, 10 முறை 30 வினாடி என்றால் சராசரி 3.9 வினாடிதான். இரவு நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் இறங்கும். 100 முறையில் 95 முறை எத்தனை வினாடிக்குள் திறக்கிறது என்று கேளுங்கள், அதுவும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி வரைக்கு மட்டும். சர்வர் தூரத்தில் இருப்பதைக் காரணம் காட்டினாலும் ஏற்காதீர்கள். கிளவுட் சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானுக்கு 2016 முதல் மும்பையில் தரவு மையங்கள் இருக்கின்றன, மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே இருக்கின்றன.

கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியபோது, அவ்வளவு பெரிய மருத்துவமனையே பல நாள் தாளில் எழுதி வேலை பார்த்தது. சர்வர் நம் கட்டடத்தில் இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. நல்ல கிளவுட் சேவை எங்களைப் போன்றவர்களுக்குத் தேவைதான். அதனால்தான் இந்த ஏமாற்று எனக்கு இவ்வளவு ஆத்திரத்தைத் தருகிறது.

விலகுகிறோம் என்று சொன்னதும் அடுத்த அடி விழுந்தது. நோயாளிகளின் பதிவுகளை பிடிஎஃப் கோப்புகளாகக் கொட்டிக் கொடுத்தார்கள். வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய அட்டவணை வடிவம் வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம். உள்நோயாளி பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நம் டாக்டர்கள், மென்பொருள் விற்றவர் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பை நம்மீதுதான் வைக்கிறது.

ஆகவே கையெழுத்துப் போடும் முன், கூட்டமான ஒரு திங்கட்கிழமை உங்கள் கவுண்டரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் கடிகாரத்தோடு ஆளை உட்கார வையுங்கள். பேக்கப்பிலிருந்து பதிவுகளை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். எதை, எங்கிருந்து அளக்கிறார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். விலகும்போது தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள், கட்டணமின்றித் தருவார்கள் என்பதும் இருக்க வேண்டும். ஏற்கெனவே இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதிக்கு வெகு முன்பே தரவைக் கேளுங்கள். கேட்கும் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.