சைரன் கேட்ட பிறகா, கேட்பதற்கு முன்பா?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 194E பிரிவின்படி, தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ நெருங்கும்போது சாலையோரம் ஒதுங்காத ஓட்டுநருக்கு 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனை கடுமையானதே, ஆனால் பெங்களூரின் ஓசூர் சாலையில் மாலை வேளையில் சைரன் கேட்கும்போது ஒதுங்குவதற்கு இடமே மிஞ்சியிருப்பதில்லை.

அந்தச் சாலையின் சில்க் போர்டு சந்திப்பு அருகே ஒருமுறை, ஸ்கூட்டரில் வந்த ஒருவர் இறங்கி, ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டி, கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கெஞ்சி ஆம்புலன்ஸுக்கு வழி உண்டாக்கியதைப் பார்த்து நெஞ்சு பதறியது.

ஜெர்மனியின் விதி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அங்கே நெடுஞ்சாலையில் வண்டிகள் நடைவேகத்துக்குக் குறைந்தவுடனேயே, சைரன் ஒலிக்காவிட்டாலும், இடக்கோடித் தடத்தில் உள்ளவர்கள் இடப்புறமும் மற்றவர்கள் வலப்புறமும் ஒதுங்கி நடுவே வழிவிட்டு நிற்க வேண்டும். தவறினால் அபராதம் 200 யூரோவிலிருந்து தொடங்குகிறது.

பெங்களூரிலேயே உள்ள அல்சூர் பகுதியின் குறுகிய தெருக்களுக்கு இது பொருந்தாது. அங்கே நம் சட்டப் பிரிவே போதும். பல தடங்கள் கொண்ட ஓசூர் சாலைக்கோ, நெரிசல் இறுகுவதற்கு முன்பே ஒதுங்கச் சொல்லும் ஜெர்மானிய விதியையே நான் தேர்ந்தெடுப்பேன்.