16, 25, 38 மி.மீ.: தோளில் தடுப்பூசி போட எந்த ஊசி?

தடுப்பூசி போட்டபின் கையைத் தூக்க முடியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் தோள்பட்டை வலிக்கு ‘சிர்வா’ என்று பெயர். மருந்து தசைக்குள் நிற்காமல், அதற்கு அடியில் இருக்கும் பர்சா என்ற மெல்லிய திரவப் பையிலோ தசைநாரிலோ இறங்கிவிடுவதால் வரும் அழற்சி இது. மூன்று நீள ஊசிகளையும் இந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்ப்போம்.

எங்கள் ஓட்டு 25 மி.மீ. ஊசிக்கு. 23 கேஜில் (கேஜ் என்பது ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்) வாங்கினால் பிளாஸ்டிக் அடிப்பாகம் கருநீலமாக இருக்கும். 60 முதல் 70 கிலோ வரை இதுவே போதும். அதற்கு மேலும், பெண்களில் 90 கிலோ, ஆண்களில் 118 கிலோ வரை, கையின் பருமனைப் பார்த்து இதையோ 38-ஐயோ எடுக்கலாம்.

16 மி.மீ. (25 கேஜ், ஆரஞ்சு நிறம்) 60 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. ஒரு நிபந்தனை: தோலை விரல்களால் தட்டையாக இழுத்துப் பிடிக்க வேண்டும். கிள்ளிப் பிடித்தால் கொழுப்பு திரண்டு, மருந்து தசையை எட்டாமலே நின்றுவிடும்.

38 மி.மீ. பருமனான கைக்கு அவசியம், ஒல்லியான கைக்கு ஆபத்து. பர்சா தோள் எலும்பு விளிம்போடு முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து 3 முதல் 6 செ.மீ. வரை தசைக்கு அடியில் இறங்கியிருக்கும். இடம் சரியாக இருந்தும் நீளம் மிஞ்சினால் ஊசி தசையைத் தாண்டிவிடும். பெட்டியில் இருப்பது இதுதான் என்று எல்லோருக்கும் இதையே குத்துவதை ஏற்க முடியாது.

ஊசி பிரிக்க முடியாமல் பொருத்தப்பட்ட, தானாகச் செயலிழக்கும் சிரிஞ்சுகள் மறுபயன்பாட்டைத் தடுப்பதில் அருமையானவை. குறை, ஆளுக்கேற்ப நீளத்தை மாற்ற வழியில்லை.

ஆனால் மேலே தள்ளிக் குத்தினால் எந்த நீளமும் காப்பாற்றாது. பெரும்பாலும் தவறு சட்டையில் தொடங்குகிறது. காலரை இழுத்து இறக்கினால் தோளின் உச்சிதான் தெரியும். தெரிகிற இடத்தில்தான் ஊசி இறங்கும். போடுபவர் நின்றுகொண்டு, போட்டுக்கொள்பவர் உட்கார்ந்திருந்தால் கை தானாகவே மேலே போகும். இருவரும் உட்கார வேண்டும், சட்டைக் கையை முழுவதும் சுருட்ட வேண்டும். அக்ரோமியன் என்ற தோள் எலும்பு விளிம்பைத் தொட்டுப் பார்த்து, அதற்குக் கீழே இரண்டு மூன்று விரல் அகலம் விட்டு, அக்குள் மட்டத்துக்கு மேலே, தசையின் நடுவில் 90 டிகிரியில் குத்த வேண்டும். மிகவும் கீழே இறங்கினால் நரம்பு அடிபடும்.

சாதாரண ஊசி வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடங்காமல், கையைப் பக்கவாட்டில் உயர்த்தவும் விடாத வலியென்றால் எலும்பு மருத்துவரிடம் ஊசி போட்ட தேதியையும் இடத்தையும் சொல்லி, அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ தேவையா என்று கேளுங்கள். வலி மருந்து, இயன்முறைப் பயிற்சி, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி என்று சிகிச்சை போகும்; அறுவை சிகிச்சை வரை போவது அரிது.