பயணி ஏர்பேக் சுவிட்ச் கோளாறு: விசிடிஎஸ் எதுவரை கைகொடுக்கும்?

ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்று போலோவையோ கோல்ஃபையோ பட்டறைக்குக் கொண்டுபோனால், "சுவிட்ச் போச்சு, மாத்திடலாம்" என்ற பதில் கோலாலம்பூரில் அடிக்கடி கிடைக்கும். பயணி பக்க ஏர்பேக்கை ஆன், ஆஃப் செய்யும் அந்தச் சுவிட்சை மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் காசு போனது போனதுதான். அந்தச் செலவுக்கு முன்னால் கோளாறு சுவிட்சிலா, வயரிலா, வேறெங்காவதா என்று பார்க்க ராஸ்-டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ் (கேபிள் மூலம் காரைக் கணினியோடு இணைத்துக் கோளாறு பார்க்கும் மென்பொருள்) எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே விஷயம். ஃபோக்ஸ்வேகன், ஆவ்டி, ஸ்கோடா போன்ற ஒரே குழுமக் கார்களுக்கு மட்டுமே இது பயன்படும். பெரோடுவா மைவியோ புரோட்டான் சாகாவோ வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், காரில் மாட்டிப் போனில் கோளாறு பார்க்கும் இஎல்எம்327 புளூடூத் அடாப்டரையும் பொது ஆப்களையும் நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். அவை எஞ்சின், புகை சம்பந்தப்பட்ட பொதுக் கோளாறுக் குறியீடுகளை (கோட்) படிக்கும், ஏர்பேக்கை இயக்கும் கணினியான ஏர்பேக் கன்ட்ரோலர் பக்கம் எட்டிப் பார்க்காது. "கோட் எதுவும் இல்லை" என்று அது காட்டினால், ஏர்பேக்கை அது கேட்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விசிடிஎஸ்ஸில் 15 என்ற அட்ரஸைத் திறந்தால் நேராக ஏர்பேக் கன்ட்ரோலருடன் பேசலாம். அதற்கு முன் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிவிடுங்கள். பேட்டரி இறங்கிக் கிடந்தால் 00532 என்ற மின்னழுத்தக் குறியீடு வந்து குழப்பும்.

கோட்களை அழிப்பதற்கு முன் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எண்ணைவிட, பக்கத்தில் வரும் உறுப்பின் பெயரைப் பாருங்கள். சாவி போட்டுத் திருப்பும் பயணி ஏர்பேக் சுவிட்சுக்கு இக்குழுமத்தில் இ224 என்று பெயர். "பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்" என்று ஒளிரும் சிறு விளக்கு கே145. ஆனால் 00589 வந்தால் அது என்131, அதாவது பயணி ஏர்பேக்கை வெடிக்கச் செய்யும் இக்னைட்டரின் சர்க்யூட். 01218 வந்தால் பயணி பக்க சைடு ஏர்பேக், அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பிளக். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அது தளர்ந்திருக்கும். ஜி128 என்றால் சீட்டில் ஆள் இருப்பதை உணரும் சென்சார். இவை எதுவுமே சுவிட்ச் இல்லை. ஆனாலும் "பாசஞ்சர்", "ஏர்பேக்" என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததுமே சுவிட்சுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.

இ224 என்றே வந்தாலும் அவசரப்படாதீர்கள். நிலைகளை நேரடியாகக் காட்டும் மெஷரிங் பிளாக்ஸ் பகுதிக்குப் போய் (புதிய மாடல்களில் அட்வான்ஸ்டு மெஷரிங் வேல்யூஸ்) சுவிட்சின் நிலையைத் திரையில் பாருங்கள். எனக்கு இந்தக் கருவியில் அதிகம் பிடித்த இடம் இதுதான். இக்னிஷனை அணைத்து, சுவிட்சை ஆஃபுக்குத் திருப்பி, மறுபடி இக்னிஷன் போட்டால் திரையிலும் ஆஃப் வர வேண்டும், கே145 எரிய வேண்டும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது சுவிட்சைத் திருப்பக்கூடாது. அப்படிச் செய்தாலே புதுக் கோட் பதிவாகலாம், பிறகு எது பழைய கோளாறு என்று தெரியாது. நிலை ஒழுங்காக மாறுகிறது, கோட்டும் "இன்டர்மிட்டென்ட்" (விட்டுவிட்டு வருவது) என்று வருகிறது என்றால், பெரும்பாலும் பிளக்கோ தேய்ந்த கான்டாக்டோதான் காரணம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிலையைக் காட்டினால் சுவிட்சோ வயரோ.

இந்த இரண்டில் எது என்று விசிடிஎஸ் சொல்லாது. சுவிட்சின் ஒவ்வொரு நிலைக்கும் தனி மின்தடை உண்டு, கன்ட்ரோலர் அதை வைத்துத்தான் நிலையை அறிகிறது. வயர் அறுந்தாலும் சுவிட்ச் உள்ளே கெட்டாலும் அதற்குத் தெரிவது ஒன்றுதான்: தடை மிக அதிகம். இங்கே மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் தேவை. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுங்கள். சுவிட்ச் பிளக்கைக் கழற்றி, சுவிட்சின் முனைகளில் மட்டும் அளவு எடுங்கள். ஆனுக்கு ஓர் அளவு, ஆஃபுக்கு வேறோர் அளவு, இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். சாவியை லேசாக ஆட்டும்போது எண் தாவினால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. இரு நிலைக்கும் வேறு வேறு அளவு வந்து, எண்ணும் தாவாமல் நின்றால் சுவிட்ச் நல்லது, வயரைத் தேடுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் வயரில் மட்டும் மல்டிமீட்டர் முனையை வைக்கவே வைக்காதீர்கள். மீட்டரின் சிறு மின்னோட்டமே இக்னைட்டரை வெடிக்கச் செய்யலாம். பிளக் கழன்றிருக்கும்போது இக்னிஷனும் போடாதீர்கள்.

வயர் என்று தெரிந்தால் நம் ஊரில் தண்ணீரையும் யோசிக்க வேண்டும். ஏர்பேக் கன்ட்ரோலர் நடு கன்சோலுக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனையோ காடிகள் மூழ்கின. பழைய காடி வாங்கும்போது ஏர்பேக் கோட் இருந்தால், கார்ப்பெட்டைத் தூக்கிப் பிளக்கில் பச்சைத் துரு பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சில இடங்களில் சுவிட்சுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை (மின்தடைப் பொருள்) வைத்து கன்ட்ரோலரை ஏமாற்றி விளக்கை அணைப்பார்கள். இதை ஒப்புக்கொள்ளவே கூடாது. குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் கட்டாயம். பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை முன் சீட்டில் வைத்தால் ஏர்பேக் ஆஃபில் இருந்தே ஆக வேண்டும். ரெசிஸ்டர் வைத்த காடியில் சாவியை ஆஃபுக்குத் திருப்பினாலும் ஏர்பேக் உயிரோடுதான் இருக்கும், விரிந்தால் குழந்தையின் தலைக்குப் பின்னால் இடிக்கும்.

கருவியின் குறைகள்: விண்டோஸ் கணினி வேண்டும். ஹெக்ஸ்-வி2 கேபிளின் உரிமம் வண்டி எண்ணிக்கையைப் பொறுத்தது: மூன்று, பத்து, அல்லது வரம்பில்லாதது. வீட்டில் ஒன்றிரண்டு காடிக்கு மூன்று போதும். பட்டறை நடத்துபவர்கள், பல பிராண்டு காடிகள் வருமென்றால், எல்லா சிஸ்டமும் படிக்கும் பொதுவான கையடக்க ஸ்கேனரை வாங்குவதே மேல். ஆன்லைனில் குறைந்த விலைக்கு வரும் நகல் கேபிள்களை, ஏர்பேக் கோடிங்கை (கன்ட்ரோலரின் அமைப்புகளை) மாற்றும் வேலைக்கு மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள். பாதியில் தொடர்பு அறுந்தால் கன்ட்ரோலரையே இழக்க நேரலாம்.