மானிட்டருக்குச் சொந்த ரெசல்யூஷன்: சிஆர்யு கருவி பற்றிய விமர்சனம்

விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸ் பட்டியலில் மானிட்டருக்கு உரிய ரெசல்யூஷனே காணாமல் போவதும், 75 ஹெர்ட்ஸ் ரெஃப்ரெஷ் ரேட்டில், அதாவது வினாடிக்கு 75 முறை படத்தைப் புதுப்பித்து, ஓடக்கூடிய திரை 60-ஐத் தாண்ட மறுப்பதும், எழுத்துகள் மங்கலாக விழுவதும் வெவ்வேறு கோளாறுகளாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குத் தரும் விவரக் குறிப்பான இடிஐடியில் பிழையோ குறையோ இருந்தால், கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் குறிப்பை நம்பியே நடந்துகொள்ளும். அந்தக் குறிப்பைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உதவுவது கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி, சுருக்கமாக சிஆர்யு. டோஸ்டிஎக்ஸ் என்ற புனைபெயரில் இயங்கும் நிரலாளர் இதை உருவாக்கி இலவசமாக வழங்கிவருகிறார். இந்த வேலைக்கு நான் பயன்படுத்திப் பார்த்த கருவிகளில் இதுவே மிகச் சிறந்தது. ஆனால், பிக்சல் கிளாக் என்றால் என்ன என்பது பயனருக்கு முன்பே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் இது பேசுகிறது. எனவே அதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

இதை நிறுவ வேண்டியதில்லை. ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்யுவுடன் ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட்64, ரீசெட்-ஆல் என்ற சிறு நிரல்களும் இருக்கும். ஏஎம்டி, என்விடியா கார்டுகளிலும் இன்டெலின் புதிய தலைமுறைகளிலும் இது வேலை செய்கிறது. பலருக்கும் உள்ள அச்சம், மானிட்டருக்குள் இருக்கும் சிப்பை இது மாற்றி எழுதிவிடுமோ என்பது. அப்படி எதுவும் நடப்பதில்லை. திருத்திய குறிப்பை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறது. மானிட்டர் சொல்வதற்குப் பதிலாக அதையே கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் படித்துக்கொள்கிறது. ஆகவே அதே மானிட்டரை வேறு கணினியில் மாட்டினாலோ, அதே கணினியில் லினக்ஸைத் திறந்தாலோ, பழைய குறிப்புதான் இருக்கும்.

இடிஐடியின் அடிப்படைத் தொகுதி 128 பைட் மட்டுமே. அதில் விரிவான விவரங்களுக்கு 18 பைட் கொண்ட நான்கு இடங்கள்தான் உள்ளன. மானிட்டரின் பெயர், வரிசை எண், ரெஃப்ரெஷ் ரேட் எல்லைகள் ஆகியவையும் அந்த நான்கில்தான் இடம்பிடிக்கின்றன. சிஆர்யுவின் ஜன்னல் இந்த அமைப்பை அப்படியே பிரதிபலிக்கிறது. மேலே டீடெய்ல்டு ரெசல்யூஷன்கள், நடுவே ஸ்டாண்டர்டு ரெசல்யூஷன்கள், கீழே ஒலி போன்ற கூடுதல் விவரங்களைத் தாங்கும் எக்ஸ்டென்ஷன் பிளாக். முதல் பட்டியலில் முதலாவதாக நிற்பதே மானிட்டரின் இயல்பு ரெசல்யூஷனாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதை மறக்கக் கூடாது.

இதன் அருமை தெரிவது 60 ஹெர்ட்ஸ் அலுவலக மானிட்டர் ஒன்றை 75-க்கு உயர்த்த முயலும்போதுதான். கணக்கு எளியது: பிளாங்கிங் (வரிகளுக்கும் படங்களுக்கும் இடையே விடப்படும், திரையில் தெரியாத இடைவெளி) உட்பட்ட மொத்த அகலத்தையும் மொத்த உயரத்தையும் ரெஃப்ரெஷ் ரேட்டையும் பெருக்கினால், வினாடிக்கு அனுப்பப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையான பிக்சல் கிளாக் கிடைக்கும். 1920×1080, 60 ஹெர்ட்ஸுக்குத் தொலைக்காட்சித் தரத்தின்படி மொத்தம் 2200×1125, பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ். அதே அமைப்பை 75-க்குக் கொண்டுபோனால் 185.6 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. சிங்கிள் லிங்க் டிவிஐயின் எல்லையோ 165 மெகாஹெர்ட்ஸ். பழைய எச்டிஎம்ஐ போர்ட்டுகள் பலவும் அங்கேயே நின்றுவிடும். பிளாங்கிங்கைக் குறைத்த சிவிடி-ஆர்பி என்ற தர அமைப்பில் 60 ஹெர்ட்ஸுக்கான மொத்தம் 2080×1111. அதையே 75-க்குக் கொண்டுபோனாலும் 173.3 வருகிறது, 165-க்குள் அடங்க வேண்டுமானால் 71 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் மேனுவல் முறையில் மொத்த அகலத்தை 2000 என்றும் மொத்த உயரத்தை 1100 என்றும் நாமே இட்டால், 75 ஹெர்ட்ஸுக்குச் சரியாக 165 மெகாஹெர்ட்ஸ்! எண்ணைத் தட்டத் தட்ட மற்ற கட்டங்களும் மாறிவருவதைப் பார்த்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போட முடிவது சிஆர்யுவின் தனிச் சிறப்பு.

என்னிடம் உள்ள 24 இன்ச் மானிட்டரில் 2200×1125 அமைப்பு 75 ஹெர்ட்ஸில் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்ற பெட்டியைக் காட்டியது. 2080×1111 அமைப்பு நிலையாக நின்றது. பேனல் அதேதான், கேபிளும் அதேதான், மாறியது கண்ணுக்குத் தெரியாத பிளாங்கிங் மட்டும். ‘இந்த மானிட்டர் 75 போகாது’ என்று முடிவுகட்டும் முன் இந்த ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஆயினும் செங்குத்து பிளாங்கிங்கை மிகவும் சுருக்கிவிடக் கூடாது. ஏஎம்டி கார்டுகள் மெமரியின் வேகத்தை மாற்றிக்கொள்வது அந்த இடைவெளியில்தான். அது போதாவிட்டால் கணினி சும்மா இருக்கும்போதும் மெமரி முழு வேகத்திலேயே ஓடிச் சூடேறும்.

படம் வந்துவிட்டது என்பதாலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. 75 ஃபிரேம்களை வாங்கிக்கொண்டு, அவற்றுள் சிலவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் மானிட்டர்கள் உண்டு. பிளர் பஸ்டர்ஸ் நடத்தும் டெஸ்ட்யூஃபோ தளத்தில் ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனை இருக்கிறது. கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும்போது, மொபைல் கேமராவின் ஷட்டரை 1/10 வினாடிக்கு வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். ஒளிர்ந்த கட்டங்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து நின்றால் மானிட்டர் உண்மையாகவே 75 காட்டுகிறது. நடுவில் இருண்ட கட்டம் விழுந்தால் அது பெயரளவுக்கான 75. அதோடு விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் டெஸ்க்டாப் மோடு, ஆக்டிவ் சிக்னல் மோடு என்ற இரண்டு வரிகளையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறுபட்டால், நாம் கேட்ட ரெசல்யூஷன் கேபிளில் போகவில்லை, கிராபிக்ஸ் கார்டே அதை நீட்டிக் காட்டுகிறது என்று பொருள்.

திரை இருண்டுவிட்டால் மீளும் வழியையும் கருவியின் ஆசிரியர் பொறுப்போடு அமைத்திருக்கிறார். மாற்றத்தைச் சேமித்ததும் ரீஸ்டார்ட்64-ஐ இயக்கினால் கிராபிக்ஸ் டிரைவர் அணைந்து மீண்டும் எழும். 15 வினாடிகள் கழிந்தும் படம் வராவிட்டால் எஃப்8 விசையை அழுத்தலாம். திருத்தங்கள் அழியாமல் தற்காலிகமாக ஒதுங்கிக்கொள்ளும். அதுவும் பலிக்காவிட்டால் சேஃப் மோடில் நுழைந்து ரீசெட்-ஆல் நிரலை இயக்கிக் கணினியை மீண்டும் தொடங்கினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். லேப்டாப்பின் சொந்தத் திரையில் கைவைப்பவர்கள் வெளி மானிட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு தொடங்குவது நல்லது.

அடுத்து, நம் வீடுகளில் இன்னும் நிறைய இருக்கும் 1366×768 திரைகள். இடிஐடியின் ஸ்டாண்டர்டு பகுதியில் அகலம் எட்டின் மடங்காக மட்டுமே எழுதப்பட முடியும். 1366 எட்டால் வகுபடாது. எனவே அந்தப் பகுதியை நம்பினால் 1360 தான் கிடைக்கும், பேனலின் புள்ளிகளோடு படம் பொருந்தாமல் எழுத்துகள் மங்கும். டீடெய்ல்டு பட்டியலில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே 1366-ஐ முதலாவதாகச் சேர்த்தால் பல திரைகள் தெளிந்துவிடுகின்றன.

எச்டிஎம்ஐ வழியே மாட்டிய மானிட்டரில் கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரிந்தால், டிரைவர் அதைத் தொலைக்காட்சி என்று கருதி வண்ண வரம்பைக் குறைத்து அனுப்பியிருக்கக்கூடும். எக்ஸ்டென்ஷன் பிளாக்கை நீக்கினால் வண்ணம் சரியாகும், ஆனால் எச்டிஎம்ஐ ஒலி போய்விடும். டிரைவர் அமைப்பிலேயே ஃபுல் ஆர்ஜிபி (குறைக்கப்படாத வண்ண வரம்பு) இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் புதிய ரெசல்யூஷனைச் சோதித்துப் பார்க்கும் பொத்தான் உண்டு. ஒப்புதல் தராவிட்டால் சில வினாடிகளில் பழைய நிலைக்குத் தானே திரும்பும். சிஆர்யுவில் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் டிரைவரை மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, கட்டங்களுக்கு அருகே ஒரு வரி விளக்கம்கூட இல்லாதது. ஆசிரியரின் தளத்தில் விளக்கங்கள் நிறைவாகவே இருக்கின்றன. ஆனால் கருவியை மட்டும் நண்பரிடமிருந்து பென் டிரைவில் வாங்கிக்கொண்டவருக்கு பிரன்ட் போர்ச், சிங்க் விட்த் என்ற சொற்கள் மிரட்சியைத்தான் தரும்.

எல்லாக் கோளாறுக்கும் இதுவே மருந்து என்றும் எண்ண வேண்டாம். விஜிஏ கேபிளில் இடிஐடி பயணிப்பது 12, 15 ஆகிய இரண்டு முனைகள் வழியே. அவற்றுள் ஒன்று ஒடிந்தாலும் படம் வந்துகொண்டேயிருக்கும், ஆனால் விண்டோஸ் ‘ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்’ என்று காட்டும், உரிய ரெசல்யூஷன் பட்டியலிலிருந்து மறையும். அந்தப் பெயரைக் கண்டால் மென்பொருளைத் தேடும் முன் கேபிளை மாற்றிப் பார்ப்பதே முறை.

திருத்தம் ரெஜிஸ்ட்ரியில் இருப்பதால் விண்டோஸை மறுபடி நிறுவினால் அதுவும் போய்விடும். நிலையாக நிற்கும் அமைப்பு கிடைத்ததும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி அதைக் கோப்பாகச் சேமித்து, மானிட்டரின் மாடல் எண்ணைப் பெயராக இட்டு வையுங்கள். பிறகு இம்போர்ட் செய்து டிரைவரை மறுபடி தொடங்கினாலே அதே 75 ஹெர்ட்ஸ் திரும்பிவிடும்.