அட்டுவா, கிஸ்காவா? எந்தத் தீவிலிருந்து படிக்கத் தொடங்குவது

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் வட அமெரிக்காவில் பிடித்து வைத்திருந்தது இரண்டே இடங்களைத்தான். அலாஸ்காவின் அலூஷியன் தீவுக்கூட்டத்தில் மேற்குக் கோடியில் கிடக்கும் அட்டுவும் கிஸ்காவும். 1942 ஜூன் 6, 7 தேதிகளில் அடுத்தடுத்து விழுந்தன. ஆக்கிரமிப்பைப் பற்றிப் படிக்க நினைப்பவர்கள் இரண்டையும் ஒரே கதையாகப் படித்துவிடுகிறார்கள். இரண்டும் கற்றுத்தருவது வேறு வேறு.

முதலில் கிஸ்கா. அங்கே அப்போது ஊர் என்று எதுவும் இல்லை. இருந்தது 10 பேர் கொண்ட அமெரிக்கக் கடற்படையின் வானிலைக் குழு. அதில் வில்லியம் ஹவுஸ் என்பவர் மட்டும் பிடிபடாமல், செடிகளையும் மண்புழுவையும் தின்று ஏறக்குறைய 50 நாள் ஒளிந்திருந்து, முடியாமல் போய்ச் சரணடைந்தார். கிஸ்காவின் பலம் அங்கே மிஞ்சியிருக்கும் பொருட்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிகள், சிறிய நீர்மூழ்கிக் கப்பலின் கூடு, சுரங்கங்கள், துறைமுகத்தில் மூழ்கிய கப்பல்கள் என ஒரு ராணுவ முகாமே அப்படியே துருப்பிடித்து நிற்கிறது. பிடித்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எங்கே தோண்டினார்கள் என்பதை அறிய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1943 ஜூலை 28 அன்று மூடுபனியைப் பயன்படுத்தி, கிஸ்காவில் இருந்த ஜப்பானியர் 5,183 பேரையும் ஜப்பான் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. இது தெரியாமல் ஆகஸ்ட் 15 அன்று 34,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க, கனடிய வீரர்கள் ஆளில்லாத தீவில் இறங்கினார்கள். பனிமூட்டத்தில் தம்மவரையே சுட்டார்கள், கண்ணிவெடியில் சிக்கினார்கள். அப்னர் ரீட் என்ற போர்க்கப்பலின் பின்பகுதி வெடித்துப் பிய்ந்து போனதில் 70-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கடலடியில் அந்தப் பகுதியைக் கண்டுபிடித்தது 2018-இல்தான்.

அட்டு அப்படியில்லை. அங்கே அலூஷியன் தீவுகளின் பூர்வகுடிகளான உனாங்கன் மக்களின் சிற்றூர் இருந்தது, சுமார் 40 பேர். முதல் மூன்று மாதம் சொந்த வீட்டிலேயே காவலில் இருந்தார்கள். செப்டம்பரில் அவர்களைக் கப்பலேற்றி ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் ஓட்டாரு நகருக்குக் கொண்டுபோய், களிமண் தோண்டும் வேலையில் போட்டார்கள். பசியிலும் காசநோயிலும் கிட்டத்தட்ட பாதிப் பேர் அங்கேயே இறந்தார்கள். ஊர்த்தலைவர் மைக் ஹோடிகாஃபும் திரும்பவில்லை. உயிரோடு வந்தவர்களையும் அமெரிக்க அரசு அட்டுவில் மறுபடி குடியேற விடவில்லை. பெரும்பாலோர் அட்கா என்ற இன்னொரு அலூஷியன் தீவில் தங்கிவிட்டார்கள். போர் வரலாறுகள் பல இதை ஒரு பத்தியில் கடந்துவிட்டு, அட்டுவை மீட்க அமெரிக்கப் படைகள் 1943 மே 11 அன்று தொடங்கிய சண்டைக்குத் தாவிவிடுகின்றன. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆக்கிரமிப்பு என்றால் முதலில் அந்த ஊருக்கு என்ன நடந்தது என்பதுதானே?

சண்டையும் சின்னதல்ல. அமெரிக்கத் தரப்பில் 549 பேர் இறந்தார்கள். ஜப்பான் தரப்பில் 2,300-க்கும் மேல். பிடிபட்டவர்கள் 30 பேர்கூட இல்லை. இங்கே ஆய்வாளர்கள் அடிக்கடி எடுக்கும் ஆவணம் ஜப்பான் ராணுவ மருத்துவர் பால் தட்சுகுச்சியின் நாட்குறிப்பு. கலிஃபோர்னியாவில் மருத்துவம் படித்த கிறிஸ்தவர் அவர். மே 29-ஆம் தேதிக் குறிப்பில், கள மருத்துவமனையின் நோயாளிகள் கையெறி குண்டால் கொல்லப்பட்டதை எழுதிவிட்டு மனைவியிடமும் மகள்களிடமும் விடைபெறுகிறார். மறுநாள் இறந்தார். மூலப் பிரதி தொலைந்துவிட்டது. இப்போது இருப்பவை போர்க்களத்தில் அவசரமாகச் செய்த மொழிபெயர்ப்பின் நகல்கள். அவையும் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஒரே நகலை நம்பி அவர் மனதைப் பற்றித் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது.

ஆக, என் தேர்வு அட்டு. தளவாடம், கோட்டை, கடற்படைத் தந்திரம் இவைதான் தேவை என்றால் கிஸ்காவே போதும், அட்டுவில் அமெரிக்கர்கள் பிறகு கட்டிய தளங்கள் பழைய தடயங்களில் பலவற்றை மூடிவிட்டன. மனிதர்களைத் தேடுகிறவர்கள் அட்டுவில் தொடங்கலாம். அப்புறம் அதே போரில் அமெரிக்காவே மற்ற அலூஷியன் ஊர்களிலிருந்து 881 உனாங்கன் மக்களைக் கிளப்பி, தென்கிழக்கு அலாஸ்காவின் கைவிடப்பட்ட மீன் பதப்படுத்தும் ஆலைகள் போன்ற இடங்களில் அடைத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கேயும் பத்தில் ஒருவர் இறந்தார். 1988-இல் வந்த சட்டம்தான் மிஞ்சியவர்களுக்கு ஆளுக்கு 12,000 டாலர் இழப்பீடு தந்தது.